ஐம்பத்தோரு வயதில் பாய் விரித்தவர்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். அவசரமாக இருப்பவர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படியுங்கள்.

நான் முதன்முதலில் பாடம் நடத்திய பிள்ளைகளில் பலருக்கு இப்போது ஐம்பது கடந்துவிட்டது. போனில் பேசும்போது நிறையப் பேர் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறீர்கள். "முன்னெல்லாம் உயிரா இருந்தது சார், இப்ப தொடவே தோணல." ஒருவருக்குப் புல்லாங்குழல், ஒருவருக்குக் கேரம், ஒருவருக்கு மாடித்தோட்டம். ஏன் அப்படி ஆனது என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரிவதில்லை. வேலைப் பளு என்கிறார்கள், பிள்ளைகள் படிப்பு என்கிறார்கள். வீட்டில் ஒரு சாவு விழுந்த பிறகு எல்லாம் போயிற்று என்று சிலர் மெதுவாகச் சொல்கிறார்கள். இதற்கு அறிவுரை சொல்வது என் வேலை இல்லை. எனக்குத் தெரிந்தது வரலாறு. அதில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன்.

படகு சம்பந்தப்பட்ட கதை இது. படகுச் சவாரி என்றால் நமக்கு ஊட்டி, கொடைக்கானல், பிச்சாவரம். டிக்கெட் வாங்கி, லைஃப் ஜாக்கெட் மாட்டி, அரை மணி நேரம் சுற்றிவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவோம். மேலை நாடுகளில் அது வேறு மாதிரி. சொந்தமாகச் சின்னப் பாய்மரப் படகு வைத்துக்கொண்டு, விடுமுறைக்கு விடுமுறை கடலுக்குப் போவது லட்சக்கணக்கானவர்களின் பொழுதுபோக்கு. மீன் பிடிக்கவோ சரக்கு ஏற்றவோ அல்ல, சும்மா போவதற்காகவே போவது. அவர்களில் பலர் தங்கள் குலமூதாதையாக வைத்துக் கொண்டாடும் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் ஜோஷுவா ஸ்லோக்கம். உலகைத் தன்னந்தனியாகப் படகில் சுற்றிவந்த முதல் மனிதர். அவர் படகில் ஏறியபோது வயது 51. அதற்குமுன் ஏறக்குறைய பத்து வருடம் அவர் வாழ்க்கையே தரைதட்டிக் கிடந்தது. உலகம் சுற்றிய கதையை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பத்து வருடம்தான் முக்கியமாகப் படுகிறது.

1844-ல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தார். பின்பு குடும்பம் பிரையர் தீவு என்ற சின்னத் தீவுக்குக் குடிபோனது. அப்பா மீனவர்களுக்குத் தோல் பூட்ஸ் தைப்பவர், கண்டிப்பானவர். பையனுக்கோ தோல் நாற்றம் ஆகாது, கடல் காற்றுதான் வேண்டும். ரகசியமாக ஒரு பொம்மைக் கப்பல் செதுக்கிக்கொண்டிருந்தானாம், அப்பா பிடுங்கி உடைத்துவிட்டாராம். (நம் வீடுகளில் நடக்காததா என்ன!) 16 வயதில் அம்மா இறந்தார். பையன் கடலுக்குப் போய்விட்டான். அதன்பின் கீழ்மட்ட வேலையிலிருந்து படிப்படியாக ஏறி, 25 வயதுவாக்கில் கப்பல் கேப்டன் ஆகிவிட்டார். பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பின்னாளில் அவர் எழுதிய ஆங்கிலத்தைப் படித்தால் நம்பவே முடியாது.

1871-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி துறைமுகத்துக்குப் போனவர், வர்ஜீனியா வாக்கர் என்ற பெண்ணை அங்கேயே திருமணம் செய்துகொண்டார். அந்த அம்மா கரையில் காத்திருக்கும் ரகம் இல்லை. கல்யாணமான கையோடு கப்பலேறியவர், கடைசிவரை கப்பலிலேயே குடித்தனம் நடத்தினார். ஏழு பிள்ளைகள் பெற்றார். எல்லாம் கடலிலோ, அயல்நாட்டுத் துறைமுகங்களிலோ பிறந்தவை. நான்கு பேர்தான் பிழைத்தார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததும் அவரே. கப்பலைச் சுற்றும் சுறாக்களைத் துப்பாக்கியால் குறிபார்த்துச் சுடுவதில் கெட்டிக்காரர் என்றும் படித்திருக்கிறேன்.

கணவருக்கும் ஏறுமுகம். 'நார்தர்ன் லைட்' என்ற மிகப் பெரிய பாய்மரக் கப்பலுக்குக் கேப்டனாகவும் பங்குதாரராகவும் ஆனார். ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. பாய்மரக் கப்பலுக்கு அந்தக் கால்வாய் வழியாகப் போவது பெரும்பாடு, நீராவிக் கப்பலுக்கு அது குறுக்கு வழி. ஆசிய வியாபாரம் கொஞ்சம் கொஞ்சமாக நீராவியின் கைக்குப் போனது. டைப்ரைட்டிங் பள்ளிக்கூடங்கள் கம்ப்யூட்டர் வந்ததும் என்ன ஆயின என்று உங்களுக்குத் தெரியும். ஸ்லோக்கம் கற்ற வித்தைக்கும் அதுதான் நடந்தது. பெரிய கப்பலை விட்டுவிட்டு 'அக்விட்னெக்' என்ற சிறிய கப்பலைச் சொந்தமாக வாங்கித் தென்னமெரிக்கப் பக்கம் சரக்கு ஏற்றப் போனார்.

1884 ஜூலையில், அந்தக் கப்பல் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் அருகே நின்றபோது, வர்ஜீனியா நோய்வாய்ப்பட்டுக் கப்பலிலேயே இறந்துபோனார். வயது 35 கூட நிறையவில்லை. அந்த ஊரில்தான் அடக்கம்.

அதன்பிறகு அவர் தொட்டது எதுவும் துலங்கவில்லை. இரண்டு வருடம் கழித்து உறவுப் பெண் ஹென்ரிட்டாவை மணந்தார். அந்தப் பெண்ணுக்கு 24 வயது, இவருக்கு 42. புதுமனைவியோடும் இரண்டு மகன்களோடும் கிளம்பிய பயணத்தில் கப்பலில் அம்மை நோய் வந்தது. மாலுமிகள் கலகம் செய்தார்கள். அதில் இவர் சுட்டு ஒருவர் இறந்தார். விசாரணையில் தற்காப்பு என்று விடுதலையானார். 1887 கடைசியில் பிரேசில் கரையில் ஒரு மணல்திட்டில் கப்பல் மோதி உடைந்தது. காப்பீடும் கிடையாது. இருந்த சொத்தெல்லாம் அதுதான்.

ஊருக்குத் திரும்ப டிக்கெட் எடுக்கக் காசில்லை. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? உடைந்த கப்பலின் சாமான்களையும் உள்ளூர் மரங்களையும் வைத்து மகனோடு சேர்ந்து 35 அடி நீளப் படகு ஒன்றைக் கட்டினார். பாய்களை ஹென்ரிட்டா தைத்தார். அதைக் கடலில் இறக்கிய நாள் 1888 மே 13. பிரேசிலில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் கையெழுத்தான அதே நாள். அதனால் படகுக்கு 'லிபர்டாடே', அதாவது விடுதலை, என்று பெயர் வைத்தார். அந்தச் சின்னப் படகில் குடும்பத்தோடு 5,500 மைல் கடந்து அமெரிக்கா வந்து சேர்ந்தார். பெரிய சாகசம்தான். ஆனால் அது வீடு திரும்ப வேறு வழியில்லாதவர் செய்த சாகசம். உற்சாகத்தில் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. கரை இறங்கிய ஹென்ரிட்டா இனி கடல் பக்கமே வரமாட்டேன் என்று முடிவெடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

அடுத்த சில வருடங்கள் பாஸ்டன் நகரத்தில். கேப்டன் வேலை கேட்டால் கப்பல் இல்லை. இருந்த பழைய பாய்மரக் கப்பல்களையும் நிலக்கரி ஏற்றும் தெப்பங்களாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். கப்பல் பட்டறையில் கூலிவேலை கேட்டால், முதலில் சங்கத்துக்கு ஐம்பது டாலர் கட்டு என்றார்கள். உலகத்தின் எல்லாத் துறைமுகங்களையும் பார்த்த மனிதருக்கு, நாற்பத்தெட்டு வயதில் சொந்தக்காரர்கள் வீட்டில் ஒண்டிக்கொள்ளும் நிலை.

அந்தச் சமயத்தில், 1892 குளிர்காலத்தில், எபென் பியர்ஸ் என்ற பழைய திமிங்கில வேட்டைக் கேப்டனைச் சந்தித்தார். "ஃபேர்ஹேவனுக்கு வா, உனக்கு ஒரு கப்பல் தருகிறேன்" என்ற மாதிரி அவர் சொல்லியிருக்கிறார். கூடவே, கொஞ்சம் பழுது பார்க்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். ஆசையோடு போய்ப் பார்த்தால், கடற்கரையிலிருந்து தள்ளி ஒரு வயல்வெளியில், முட்டுக்கொடுத்து, பழைய கான்வாஸ் துணி போர்த்திய ஒரு மட்கிய படகு. சிப்பி அள்ளப் பயன்பட்ட ஒற்றைப் பாய்மரப் படகு. பெயர் 'ஸ்ப்ரே'. ஏழு வருடமாக அப்படியே கிடக்கிறது. நண்பர் விளையாட்டுக்குச் செய்த காரியம் என்று ஊரே சிரித்தது.

இந்த இடத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். உடைத்து விறகாக்கப் போகிறாயா என்று ஊரார் கேட்கிறார்கள். இல்லை, திரும்பக் கட்டப் போகிறேன் என்கிறார். உடனே அடுத்த கேள்வி, இதில் காசு தேறுமா என்பது. ஒரு வருடத்துக்கும் மேலாக வருகிறவர் போகிறவர் எல்லாம் அதையேதான் கேட்டார்களாம். ஓய்வு பெற்ற பிறகு ஒருவர் வீணை கற்றுக்கொள்ளப் போனாலும் நம் ஊரில் வரும் முதல் கேள்வி ஏறக்குறைய அதுதானே!

பக்கத்தில் நின்ற ஒரு கருவாலி மரத்தை வெட்டி அடிமரம் செய்தார். இளமரக் கட்டைகளைச் செதுக்கி, நீராவிப் பெட்டியில் வேகவைத்து, இளகியதும் ஒரு மரத்துண்டின்மேல் வளைத்து, படகின் விலாக்களாக்கினார். நீராவிக்கு ஒரு சாதாரணப் பானைதான் கொதிகலன். மேலே ஒன்றரை அங்குலப் பைன் பலகைகள். பலகைச் சந்துகளில் தண்ணீர் புகாமல் பஞ்சும் நாரும் அடித்துச் செருகும் வேலை இருக்கிறதே, நம் கடலோரத்தில் கலப்பத்து என்பார்கள், அதையும் அவரே செய்தார். உள்ளூர்ப் பழைய திமிங்கில வேட்டைக்காரர்கள் வேலை நடக்கும் இடத்துக்கு வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டையையும் தட்டிப்பார்த்து, இது பனிக்கட்டியை உடைக்கும் என்று சான்று கொடுத்துவிட்டுப் போவார்களாம். வசந்தம் வந்தது, அருகில் மரங்கள் பூத்தன, அதையும் எழுதிவைத்திருக்கிறார். பதின்மூன்று மாதம் ஆயிற்று. செலவு 553 டாலர் 62 சென்ட். சென்ட் வரைக்கும் கணக்கு!

பழைய படகின் மரம் ஒவ்வொன்றாகக் கழன்று, புது மரம் ஒவ்வொன்றாக ஏறியது. எந்த இடத்தில் பழைய ஸ்ப்ரே முடிந்தது, எந்த இடத்தில் புது ஸ்ப்ரே தொடங்கியது என்று சொல்ல முடியாது என்கிறார். கப்பல் சட்டப்படி, ஒரு கப்பலைச் சிறுகச் சிறுகப் பழுது பார்த்து முழுவதும் புதிதாகிப் போனாலும் அது அதே கப்பல்தானாம். 36 அடி 9 அங்குல நீளம், 14 அடி 2 அங்குல அகலம்.

என் கணிப்பில் அவருக்கு ஆசை திரும்பியது கடலில் இல்லை, இந்த வயலில்தான். மனைவி போய், கப்பல் போய், தொழிலே போன மனிதருக்கு யாரும் உபதேசம் செய்து உற்சாகம் வரவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் கைக்கு ஒரு வேலை இருந்தது, அது தெரிந்த வேலை, மேலே முதலாளி கிடையாது. கப்பலைச் சம்பாத்தியமாகவே பார்த்துவந்தவர் முதல்முறையாகப் படகைப் படகாகப் பார்த்தார். முடிந்ததும் அதை வைத்து மீன்பிடித்துப் பிழைக்கலாம் என்று ஒரு பருவம் முயன்றார். தூண்டிலில் இரை கோக்கும் சாமர்த்தியம்கூடத் தனக்கு இல்லை என்று அவரே கேலியாக எழுதுகிறார். அதன்பிறகுதான் உலகைச் சுற்றும் எண்ணம். ஹென்ரிட்டாவையும் அழைத்ததாகவும், நான் பார்த்த ஒரு பயணம் போதும் என்று அவர் மறுத்துவிட்டதாகவும் சொல்வார்கள்.

1895 ஏப்ரல் 24 நண்பகலில் பாஸ்டனிலிருந்து பாய் விரித்தார். பத்திரிகைக்குக் கடிதம் எழுதிக் கொஞ்சம் சம்பாதிக்கலாம் என்று நினைத்தார், அது பெரிதாக நடக்கவில்லை. நடுக்கடலில் இடம் கணிக்க நல்ல கடிகாரம் வேண்டும். தன்னிடம் இருந்ததைச் சரிசெய்யப் பதினைந்து டாலர் கேட்டார்கள். அதை வீட்டிலேயே வைத்துவிட்டு, வழியில் ஒரு தகரக் கடிகாரம் வாங்கினார். விலை ஒன்றரை டாலர், முகப்பு உடைந்திருந்ததால் கடைக்காரர் ஒரு டாலருக்குக் கொடுத்தார். இன்னொரு விஷயம், இவருக்கு நீச்சல் தெரியாது.

தனிமை எப்படி இருந்தது? பேச்சே மறந்துவிடுமோ என்ற பயத்தில், இல்லாத மாலுமிக்குச் சத்தம்போட்டுக் கட்டளை கொடுத்துப் பார்த்தார். பதில் வராதது இன்னும் கஷ்டமாக இருந்தது. பிறகு பாட ஆரம்பித்தார். ஆமைகள் தலைதூக்கிப் பார்த்தன என்று எழுதுகிறார். அட்லாண்டிக்கில் ப்ளம் பழமும் பாலாடைக்கட்டியும் சேர்த்துத் தின்று வயிற்றுவலியில் சுருண்டு கிடந்த இரவில், யாரோ சுக்கானைப் பிடித்து நிற்பதுபோல் தெரிந்தது. கொலம்பஸ் கூட்டத்துப் 'பின்ட்டா' கப்பலின் மாலுமி நான் என்று அந்த உருவம் சொன்னதாம். காலையில் பார்த்தால் படகு சரியான திசையில் போயிருக்கிறது. ஜுர வேகம்தான். ஆனால் அதை அவர் சொல்லும் விதத்தில் பயத்தைவிடச் சிரிப்புதான் அதிகம்.

தென்னமெரிக்காவின் தெற்கு முனையில் மகெல்லன் நீரிணையில் கொள்ளைக்காரர் பயம். ஒரு நண்பர் ஒரு பை ஆணி கொடுத்திருந்தார். கம்பளம் அடிக்கும் சின்ன ஆணி. இரவில் அதைத் தளம் முழுக்கத் தூவிவிட்டுத் தூங்கினார். நள்ளிரவில் வெறுங்காலோடு ஏறியவர்கள் போட்ட கூச்சல்தான் அவரை எழுப்பியது. சமோவாவில் 'புதையல் தீவு' எழுதிய ஸ்டீவன்சனின் மனைவியைச் சந்தித்தார். ஸ்டீவன்சன் அதற்கு முன்பே இறந்திருந்தார், அவருடைய கடல்வழிக் கையேடுகளை அந்த அம்மா இவருக்குக் கொடுத்தார். இந்தியப் பெருங்கடலில் கோகோஸ் தீவுக்கு 2,700 மைல், 23 நாள். அதில் சுக்கானைக் கையில் பிடித்தது மொத்தம் மூன்று மணி நேரம்கூட இல்லை. மீதி நேரம் கயிற்றால் கட்டிவிட்டுப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். படகின் சமநிலை அவ்வளவு கச்சிதம். தென்னாப்பிரிக்காவில் அதிபர் குரூகரிடம் அறிமுகப்படுத்தினார்கள். உலகம் தட்டை என்று நம்புகிறவர் குரூகர். உலகைச் சுற்றி என்று சொல்லக்கூடாது, அப்படி ஒன்று நடக்கவே முடியாது என்று திருத்தினாராம்! இவர் சண்டை போடவில்லை, ரசித்திருக்கிறார். செயின்ட் ஹெலினா தீவில் யாரோ கொடுத்த ஆடு ஒன்று மேற்கிந்தியத் தீவுகளின் வரைபடத்தை மென்று தின்றுவிட்டது. புவியியல் பாடம் எடுத்த எனக்கு அந்த ஆட்டின்மேல் இன்னும் கோபம்.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு ஒன்று தோன்றும். எல்லாம் இழந்த மனிதர் எழுதிய புத்தகத்தில் ஏன் இவ்வளவு சிரிப்பு?

ஒரே ஓர் இடத்தில் மட்டும் சிரிப்பு வேறு மாதிரி இருக்கிறது. போகும் வழியில் புவெனஸ் அயர்ஸில் நின்றார். வர்ஜீனியாவை அடக்கம் செய்த ஊர். அங்கே பாய்மரத்தை ஏழு அடி குறைத்தது, பழைய கடைக்காரர் ஒருவரின் வேடிக்கை, எல்லாம் எழுதுகிறார். அந்த அம்மாவைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. கல்லறைக்குப் போனாரா, போகவில்லையா, புத்தகத்திலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. அடுத்த வருடம் சிட்னி. கல்யாணம் நடந்த ஊர். ஸ்ப்ரேயில் அவர் பழைய வாழ்க்கையின் இந்த இரண்டு ஊர்களையும் தனியாகத் தொட்டுவிட்டு வந்திருக்கிறார். துக்கம் தீர்ந்த பிறகுதான் உற்சாகம் வரும் என்று நாம் நினைக்கிறோம். இவர் விஷயத்தில் இரண்டும் ஒரே படகில்தான் பயணம் செய்தன.

1898 ஜூன் 27 நள்ளிரவு கடந்து நியூபோர்ட் துறைமுகத்தில் நங்கூரம் போட்டார். மூன்று வருடம், இரண்டு மாதம், 46,000 மைல். சில நாள் கழித்து ஃபேர்ஹேவனுக்கே கொண்டுபோய், அவர் படகை முதலில் நீரில் இறக்கிய இடத்தில் கட்டினார். 1900-ல் புத்தகம் வந்தது. இன்றுவரை அச்சில் இருக்கிறது.

கதை இங்கே சுபம் என்று முடிந்தால் நன்றாக இருக்கும். 1902-ல் மார்த்தாஸ் வினியார்ட் தீவில் ஒரு பண்ணை வாங்கினார். பழமரம் நட்டார். கொஞ்ச காலம்தான், அதில் மனம் ஒட்டவில்லை. குளிர்காலம் வந்தால் ஸ்ப்ரேயை எடுத்துக்கொண்டு கரீபியன் தீவுகளுக்குக் கிளம்பிவிடுவார். ஹென்ரிட்டா பெரும்பாலும் தனியாக. அந்த அம்மா பக்கத்து நியாயத்தையும் யாராவது எழுதியிருக்க வேண்டும். ஒருவருக்கு உற்சாகம் திரும்பும்போது அதன் செலவில் பாதியை வீட்டில் இருப்பவர் கொடுக்கவேண்டி வருகிறது. 1909 நவம்பரில் 65 வயதில் தென்னமெரிக்கப் பக்கம் போவதாகச் சொல்லித் தனியாகக் கிளம்பினார். அவரும் திரும்பவில்லை, ஸ்ப்ரேயும் திரும்பவில்லை. 1924-ல் இறந்ததாகச் சட்டப்படி அறிவித்தார்கள்.

இவர் வழியில் வந்த இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன், அதில் நம் நாட்டுத் தொடர்பும் இருக்கிறது. எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், ஆங்கிலேயர். 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மவுத்தில் கிளம்பி 1969 ஏப்ரலில் அங்கேயே திரும்பினார். ஒன்பது பேர் கலந்துகொண்ட போட்டியில் முடித்தது இவர் மட்டுமே. அவருடைய 32 அடிப் படகு 'சுஹைலி' பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டியது. பிறகு படகுப் பந்தயங்களை நடத்துபவராக மாறினார். 2003-ல் அவர் மனைவி புற்றுநோயில் காலமானார். 2006-ல், 67 வயதில், மறுபடி தனியாக உலகைச் சுற்றும் பந்தயத்தில் பெயர் கொடுத்தார். மற்றவர்கள் எல்லாம் இவரைவிட மிக இளையவர்கள். 2007 மே மாதம் நான்காவதாக வந்து முடித்தார்.

சுஹைலி அதற்குமுன் லண்டன் பக்கம் கிரீன்விச் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு நின்றது. உள்ளே வறண்ட காற்றில் தேக்குப் பலகைகள் சுருங்கத் தொடங்கின என்று வெளியே எடுத்துவிட்டார். துருப்பிடித்த பழைய இரும்புப் பிணைப்புகளைக் கழற்றிப் புதிதாக முடுக்கும் வேலை வருடக்கணக்கில் நடந்தது. பெரும்பகுதியை அவரே கையால் செய்தார். 2018 ஜூன் 14 அன்று, சரியாக ஐம்பது வருடம் கழித்து, ஃபால்மவுத் கடலில் சுஹைலி மறுபடி பாய் விரித்தது. சுக்கானில் அவரே இருந்தார். வயது 79.